சக்களத்திக் கப்பல்

மெழுகுச் சிலுவை தயாரான அன்று மத்தியானம்தான் அந்தக் கப்பல் வந்து நின்றது. ஒரு நாள் பிந்தி வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அசெனோர் மேற்கு மேட்டில் புல்கட்டி வெட்டிக்கொண்டிருந்தாள். பிரான்சின் மேற்குக் கோடியில் கிடக்கும் எங்கள் ஊசாத் தீவில் மரம் என்று ஒன்று நிற்காது, காற்று நிற்க விடாது. அடுப்பெரிக்கப் புல்லை மண்ணோடு வெட்டிக் காயவைத்துக்கொள்வோம். இடுப்பு வலிக்க நிமிர்ந்தவள் கடலைப் பார்த்தாள். மூன்று பாய்மரங்கள் தெரிந்தன. பின்பக்கத்து மரம் மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சாய்ந்திருந்தது. மண்வெட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

அவள் மட்டும் ஓடவில்லை. மாவுக் கையோடு ஒருத்தி, ஆட்டுக் கயிற்றோடு ஒருத்தி என்று ஊரே கரைக்கு ஓடியது. "பொறுமைக்காரி வந்துட்டா, பொறுமைக்காரி வந்துட்டா" என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டார்கள். லா பசியாந்த் என்பது அவள் பெயர், பொறுமைக்காரி என்று அர்த்தம். பிரெஸ்ட் துறைமுகத்தில் கட்டிய போர்க்கப்பல். எங்கள் ஆண்கள் பலபேர் அவளில் வேலை பார்த்தவர்கள். கப்பலை அடையாளம் காண்பதில் எங்கள் பெண்களை மிஞ்ச ஆளில்லை. பாயின் வெட்டு, மரத்தின் சாய்வு, முகப்பின் வளைவு எல்லாம் மனப்பாடம். கொடியைப் பார்ப்பதுதான் எங்களுக்குக் கடைசி. வேறு எந்த ஊர்க்காரியும் முதலில் கொடியைத்தான் பார்த்திருப்பாள்.

கப்பல் காற்றுக்குத் திரும்பியது. பின்னால் பறந்த கொடி இங்கிலாந்துக்காரனுடையது.

கையாட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை இறக்கினார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எதிரி பிடித்துக்கொண்ட கப்பல்தான் என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. போன குளிர்காலத்திலேயே சேதி வந்துவிட்டது. ஆனாலும் தெரிந்த முகத்தைக் கண்டால் கால் ஓடத்தான் செய்யும். ஒவ்வொருத்தியாக வீடு திரும்பினார்கள். அசெனோர் திரும்பவில்லை.

அவள் புருஷன் கூல்வென் அந்தக் கப்பலின் தச்சன். கப்பலைக் கட்டும்போதே அதற்கு விலா எலும்புகளை வைத்தவர்களில் ஒருவன், பிறகு அவளோடேயே கடலுக்குப் போனவன். விடுப்பில் வீட்டுக்கு வந்தாலும் பேச்செல்லாம் அவளைப் பற்றித்தான். "இந்தத் தடவ புயல்ல அவ முதுகு முனகிடுச்சு" என்பான். "எனக்கும்தான் முதுகு வலிக்குது. சக்களத்தி மேல இருக்குற அக்கறை கட்டினவ மேல உண்டா?" என்பாள் இவள். அவன் சிரிப்பான். சிரித்தால் மேல்வரிசையில் முன்பல் ஒன்று இல்லாதது தெரியும். சின்ன வயதில் பாறையில் ஒட்டியிருந்த சிப்பியைப் பல்லால் பெயர்க்கப் போய், சிப்பி ஜெயித்துவிட்டது.

அந்தச் சக்களத்தியை ஸ்பெயின் பக்கம் இரண்டு இங்கிலாந்துக் கப்பல்கள் மடக்கின. கைதி மாற்றத்தில் விடுபட்டு வந்த ஃபாஞ்ச் என்ற மாலுமி, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அசெனோர் வீட்டு வாசலில் நின்று சொன்னான்: "முதல் குண்டு வரிசையிலயே அண்ணன் விழுந்துட்டாரு. நான் பாத்தேன். மரத்தூளுக்கு நடுவுல கிடந்தாரு. அப்புறம் என்னைக் கீழ இறக்கிட்டாங்க."

"விழுந்ததைப் பாத்தியா, செத்ததைப் பாத்தியா?" என்று கேட்டாள் அசெனோர்.

அவன் தொப்பியைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மாமியார் மாரிவோன் அதையே பதிலாக எடுத்துக்கொண்டாள்.

கடலில் போனவனுக்கு எங்கள் தீவில் செய்கிற காரியம் ஒன்று உண்டு. உடம்பு கிடைக்காது என்பதால் மெழுகில் சின்னதாக ஒரு சிலுவை செய்வோம். பொழுது சாயும் நேரம் செத்தவனின் ஞானத்தகப்பன் வந்து ஜன்னலை மூன்று தரம் தட்டி, "இன்னிக்கு உன் வீட்டுல புரொவெல்லா, அம்மா" என்பார். புரொவெல்லா என்றால் வீடு திரும்புதல் என்று அர்த்தம். சிலுவையை மேஜைமேல் வெள்ளைத் துணியில் கிடத்தி, உடம்பு கிடப்பதாகவே பாவித்து ஜெபிப்போம். மறுநாள் கோயிலுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டால் தீர்ந்தது. ஆள் செத்தவன், பெண்டாட்டி விதவை. அதற்குப் பிறகு அவனே நேரில் வந்து நின்றாலும் பிசாசென்று கதவைச் சாத்துகிற ஊர் இது.

மாரிவோன் கெட்டவள் இல்லை. அவளுக்கு ஒரே மகன். "அவன் ஈரத்துல நிக்கிறான்டி. கண்ணை மூடினா வாசல்ல நிக்கிறான், உள்ள வர முடியல. நாம கூப்பிட்டாத்தானே வருவான்" என்று மாதக்கணக்கில் சொல்லிச் சொல்லி அழுதாள். அசெனோரும் எத்தனை நாள்தான் கல்லாக இருப்பாள்? கடைசியில், "செய்யுங்கத்தை" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். சொன்ன நாளிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சிலுவையை வார்த்து முடித்து, அன்று சாயங்காலம் தட்டுவதாக ஏற்பாடு. அப்போதுதான் இந்தக் கப்பல்.

தட்ட வேண்டியவர் தூத்வால் கிழவர், கூல்வெனின் ஞானத்தகப்பன். முகம் கழுவி, நல்ல சட்டை போட்டுக்கொண்டிருந்தார். அசெனோர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"மாமா, இன்னிக்குத் தட்டாதீங்க."

"சட்டை மாட்டிட்டேனேம்மா."

"அதே சட்டையோட படகுல ஏறுங்க. என்னை அந்தக் கப்பலுக்குக் கூட்டிட்டுப் போங்க."

கிழவர் ஒரு கை சட்டைக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக நின்றார். "போயி? இங்கிலீஷ்காரன்கிட்ட என்ன கேப்ப? என் புருஷனைப் பாத்தீங்களான்னா?"

"ஆமா."

"உன் மாமியா என் குடலை உருவிடுவா."

"அவங்க உருவட்டும். இல்லேன்னா நான் உருவுவேன். எது பரவால்லன்னு நீங்களே பாத்துக்குங்க."

கிழவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு செருப்பைத் தேடினார். எங்களுக்கும் இங்கிலாந்துக்காரனுக்கும் சண்டைதான். பாரிசில் புதிதாக ஒரு சக்கரவர்த்தி உட்கார்ந்துகொண்டு நடத்துகிறார். ஆனால் பிரெஸ்ட் வாயை அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கடலில் கிடக்கிறவனுக்கும் வயிறு உண்டு, எங்கள் ஆட்டுக்கும் விலை உண்டு. கடல் அமைதியாக இருந்தால் படகுகள் போகும் வரும். தீவுக் கோட்டையில் இருந்த எங்கள் சிப்பாய்களுக்கு அந்த நேரம் பார்த்துக் கண்ணில் தூசி விழும்.

இரண்டு கறுப்பு ஆடுகளும் ஒரு கூடை உருளைக்கிழங்கும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்கள்.  இத்தனை வருஷம் கேட்டுக் கேட்டுத் தெரிந்த கப்பலை அன்றுதான் அசெனோர் பக்கத்தில் பார்க்கிறாள். பெரியவளாக இருந்தாள், அழகாகவும் இருந்தாள். அவள்மேல் கோபம் வரும் என்று நினைத்திருந்தாள், வரவில்லை. யார் பிடித்து இழுத்தாலும் போகவேண்டியவள்தானே என்று பரிதாபமாக இருந்தது.

ஆடுகளை மேலே தூக்கினார்கள். பேரம் பேச ஹெலியே என்ற மாலுமி வந்தான். ஜெர்சி தீவுக்காரன், இங்கிலாந்துக் கப்பலில் வேலை செய்தாலும் வாயில் வருவது பிரெஞ்சு. அசெனோரும் ஏணி ஏறி மேல்தளத்தில் கால் வைத்தாள். கேட்க வந்ததை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் பக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கைக்கு ஏதோ தட்டுப்பட்டது.

சுவரில் ஓர் ஆள் அகலத்துக்குப் பலகை மாறியிருந்தது. மேலே மஞ்சள் சாயம் பூசியிருந்தார்கள், ஆனாலும் விரலுக்குத் தெரிந்தது. ஒரே பலகை இல்லை. துண்டு துண்டாக, ஒன்றின் தோளில் ஒன்று கோத்து, ஒட்டுத்துணிப் போர்வை மாதிரி இருந்தது. அவள் வீட்டில் கூல்வென் செய்த, அலமாரி மாதிரி சாத்திக்கொள்ளும் பெட்டிக் கட்டிலின் கதவும் இப்படித்தான். மரமில்லாத ஊரில் தச்சனுக்குக் கிடைப்பது கடல் ஒதுக்கும் உடைசல்தான். விரல் நீளத் துண்டைக்கூட எறிய மனம் வராது. குனிந்து பார்த்தாள். மர ஆணிகள் எல்லாம் வலப்பக்கம் சாய்ந்திருந்தன. கூல்வென் இடதுகைக்காரன்.

"இது எப்படி வந்துச்சு?" என்று கேட்டாள். 

"அதுவா?" ஹெலியே சிரித்தான். "இவளைப் பிடிச்ச அன்னிக்கு எங்க குண்டு போன ஓட்டை. எங்க ஊருக்கு ஓட்டிட்டு வர்ற வழியில பிடிபட்டவங்கள்ல ஒருத்தன் அடைச்சானாம். கீழ முழுப் பலகை அடுக்கிக் கிடக்கு, இவன் உடைஞ்ச துண்டைப் பொறுக்கிப் பொறுக்கி வச்சு ஒட்டியிருக்கான். பிளிமத்துல எங்க தச்சனுங்க பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சாங்க. பிரிச்சுடலாம்னாங்க. கேப்டன்தான், சொட்டுத் தண்ணி உள்ள வரலையே, கிடக்கட்டும்னுட்டாரு."

"அந்த ஆளு?"

"நான் அப்புறம் வந்து சேந்தவன்மா. இவளோட பிடிபட்டவங்கள்ல மாத்தி அனுப்பினவங்க போக மிச்சப் பேரு அங்க சிறைக்கப்பல்ல இருக்காங்க." கொஞ்சம் தயங்கிவிட்டு, "இருக்கறவங்க இருக்காங்க. போன குளிர்ல காய்ச்சல் வந்துச்சு. நிறையப் பேரு போயிட்டாங்க" என்றான்.

அசெனோர் உள்ளங்கையை அந்தச் சுவரில் முழுசாக வைத்தாள். குண்டில் விழுந்தவன் எழுந்து, குண்டு போன ஓட்டையை அடைத்திருக்கிறான். தூத்வால் கிழவர் வந்து பக்கத்தில் நின்று பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது. நல்ல சட்டையின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டில் மாரிவோன் மேஜையில் வெள்ளைத் துணி விரித்துக் காத்திருந்தாள். அசெனோர் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். கிழவி கடைசிவரை கேட்டாள்.

"அப்ப உயிரோட இருந்தான். சரி," என்றாள். "இப்ப?"

அசெனோர் மேஜைமேல் விரித்த துணியைப் பார்த்தாள்.

"காய்ச்சல்னு அவன்தானே சொன்னான்? நீ சுவத்தைத் தடவிட்டு வந்து சந்தோஷமா இருக்க. என் புள்ள அங்க யாரும் இல்லாமச் செத்துக் கிடந்தா? அவனை யாரு வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றது?" கிழவி அந்தத் துணியின் சுருக்கத்தை நீவிவிட்டாள். "எனக்கு மட்டும் ஆசையாடி, பெத்தவனை மெழுகாப் பாக்க?"

அசெனோர் மாமியாரின் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.  பிறகு அசெனோர் எழுந்து, அடுப்புப் புகையில் தொங்கிய பன்றி உப்புக்கண்டத்தை இறக்கிக் கைக்கடக்கமாக ஒரு துண்டு அறுத்தாள்.

இதைக் கேட்டால் மற்ற ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எங்கள் தீவில் கல்யாணத்துக்குக் கேட்பது பெண்தான். ஆண்கள் கடலில் கிடக்கிறார்கள், அவர்களை நம்பி உட்கார்ந்தால் ஊரில் கல்யாணமே நடக்காது. பிடித்தவன் வீட்டுக்கு ஓர் உப்புக்கண்டத் துண்டோடு போவாள். அவன் பாதியைக் கடித்துத் தின்றுவிட்டு மீதிப் பாதியை அவளிடம் நீட்டினால் சம்மதம். அவள் அங்கேயே அதைத் தின்னவேண்டும். முழுசாகத் திருப்பிக் கொடுத்தால் இல்லையென்று அர்த்தம். அசெனோர் கேட்கப் போன அன்று கூல்வென் அவசரத்தில் பெரிய துண்டாகக் கடித்து, பேச முடியாமல் விழி பிதுங்க நின்றான். "மூச்சு விடுடா முதல்ல, சம்மதத்தை அப்புறம் சொல்லலாம்" என்று முதுகில் தட்டியவள் இதே மாரிவோன்தான்.

மறுநாள் அசெனோர் துண்டை மெழுகுத் துணியில் கட்டி எடுத்துக்கொண்டு மறுபடி கப்பலுக்குப் போனாள்.

"அண்ணே, அடுத்த தடவ உங்க ஊருக்குப் போறப்ப இதைச் சிறைக்கப்பல்ல கூல்வென்னு ஒரு ஆளுக்குச் சேத்துடணும். ஆளு உயிரோட இருந்தா தின்பாரு. இல்லேன்னா..." பொட்டலத்தை அவன் கையில் வைத்தாள். "இல்லேன்னா திருப்பிக் கொண்டாந்துடுங்க. வேற யாருக்கும் கொடுக்க வேண்டாம்."

ஹெலியே பொட்டலத்தை முகர்ந்து பார்த்தான். "நாலு மாசமாப் புழுத்த ரொட்டி தின்னுட்டு இருக்கேன். என்னை நம்பியா கொடுக்கற?"

"உங்க ஆத்தா மேல சத்தியம் பண்ணுங்க."

அவன் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சத்தியம் செய்தான்.

குளிர்காலப் புயல்களில் அடிபட்டுப் பொறுமைக்காரி பழுதுபார்க்கப் போனாள். மாரிவோன் சிலுவையைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். "கப்பல் வர்றவரைக்கும்தான். அது வெறுங்கையா வந்தாலும், முழுத் துண்டோட வந்தாலும், அன்னிக்கே தூத்வால் தட்டணும்" என்றாள். அசெனோர் ஒத்துக்கொண்டாள். அந்தக் குளிர்காலம் போல ஒரு குளிர்காலம் அந்த வீட்டில் வந்ததில்லை. இரண்டு பெண்களும் ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி மேட்டில் ஏறிக் கடலைப் பார்த்துவிட்டு வருவார்கள். "எங்க போனீங்க?" "ஆட்டைப் பாக்க." ஆடுகள் கொட்டிலில் இருக்கும்.

வசந்தத்தில் ஆடுகள் குட்டி போட்டுக்கொண்டிருந்த சமயம் சாய்ந்த பின்மரம் தெரிந்தது. இந்தத் தடவை யாரும் கரைக்கு ஓடவில்லை. ஊரே வாசலில் நின்று அசெனோர் படகேறுவதைப் பார்த்தது.

ஹெலியே ஏணியில் இறங்கிப் படகுக்கே வந்துவிட்டான். முகம் சரியில்லை. சட்டைக்குள்ளிருந்து மெழுகுத் துணிப் பொட்டலத்தை எடுத்தான்.

"நான் சத்தியத்தைக் காப்பாத்திட்டேன்மா. உள்ள போக விடல, காவல்காரன் கையில பேரைச் சொல்லிக் கொடுத்தேன். புறப்படற அன்னிக்குத் திரும்பி வந்துடுச்சு. ஒண்ணும் சொல்லல." அவன் அவளைப் பார்க்காமல் கடலைப் பார்த்தான். "மன்னிச்சுக்கம்மா."

அசெனோர் அதை வாங்கிக்கொண்டாள். திரும்பி வந்துவிட்டது. ஆள் உயிரோடு இல்லையென்றால் திருப்பிக் கொண்டுவரச் சொன்னது அவள் வாய்தான். கிழவர் துடுப்பைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், போட மறந்துவிட்டார். படகு கப்பல் பக்கத்தில் சும்மா மோதிக்கொண்டிருந்தது.

"பிரிச்சுப் பாரும்மா" என்றார் கிழவர் கடைசியில்.

"எதுக்கு மாமா?"

"முடிச்சு நீ போட்டதா பாரு."

முடிச்சு அவள் போட்டதில்லை. இடப்பக்கம் சுற்றி இறுக்கியிருந்தது. விரலுக்குப் பிரியவில்லை, பல்லால் இழுத்தாள். துணி விரிந்தது. உள்ளே பாதித் துண்டுதான் இருந்தது. மற்ற பாதியைக் கடித்திருந்தார்கள். கடித்த இடத்தில் பற்கள் வரிசையாகப் பதிந்திருந்தன. நடுவில் ஒரு பல் அகலத்துக்கு மட்டும் கண்டம் வெட்டுப்படாமல் வரப்பு மாதிரி நின்றது.

அவள் சத்தமாக அழுதாள். மேலே மாலுமிகள் எட்டிப் பார்த்தார்கள். ஹெலியே பயந்துபோய்க் கிழவரைப் பார்த்தான். "ஒண்ணுமில்ல தம்பி" என்றார் கிழவர், அவரும் அழுதுகொண்டே. "அவன் சரின்னு சொல்லிட்டான்."

அசெனோர் எழுந்து நின்று கப்பலின் பக்கத்தைக் கையால் தட்டிக் கொடுத்தாள். "போயிட்டு வா தங்கச்சி" என்றாள். சக்களத்தியை அவள் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

வழக்கப்படி அவள் அந்தப் பாதியை அங்கேயே தின்றிருக்கவேண்டும். தின்னவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

மாரிவோன் கறுப்புச் சட்டை போட்டு, மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, நடுவில் சிலுவையை வைத்து உட்கார்ந்திருந்தாள். மருமகளின் கையில் பொட்டலத்தைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டாள்.  அசெனோர் துண்டை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து, அவள் விரலைப் பிடித்து அந்த வரப்பின்மேல் தடவவிட்டாள்.

கிழவியின் விரல் அங்கேயே நின்றது. ஒரு தரம், மறுபடி ஒரு தரம் தடவினாள்.

"கழுதை," என்றாள். "சிப்பியைப் பல்லால பெயர்க்காதேன்னு எத்தனை தடவ சொன்னேன்."

 மேஜையிலிருந்த சிலுவையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளங்கைச் சூட்டில் மெழுகு இளகி வளைந்தது. வளைந்ததை நிமிர்த்தவில்லை. அதை ஒரு நூல் திரியைச் சுற்றி உருட்டி உருட்டி மெழுகுவர்த்தியாக்கிவிட்டாள். தூத்வால் கிழவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார், ஜன்னலைத் தட்டாமல், நேராகக் கதவைத் திறந்து உள்ளே வந்தார்.

"தின்னுடி," என்றாள் மாரிவோன். "உன் பாதி அது. அவன் காத்துட்டிருப்பான்."

சம்பிரதாயத்தில் மாமியாருக்குப் பங்கு கிடையாது. அசெனோர் கத்தியை எடுத்து அந்தப் பாதியையும் இரண்டாக அறுத்தாள். பல் வரப்பு நின்ற துண்டை மாமியாரிடம் கொடுத்தாள். தன்னுடையதை வாயில் போட்டாள். கல்லாக இருந்தது, உப்பு நாக்கை எரித்தது. கிழவிக்குப் பல் இல்லை, மெல்ல முடியவில்லை. கன்னத்தில் ஒதுக்கிவைத்துச் சப்பிக்கொண்டே அடுப்புப் பக்கம் நகர்ந்து, புது வர்த்தியை ஏற்றி ஜன்னலில் வைத்தாள்.